ஏழாம் அத்தியாயத்துத் தையல்காரி

நோயாளிகள் உட்காரும் நாற்காலிகளை டாக்டரம்மா இப்போதெல்லாம் தானே துடைத்தாள். உட்கார ஆள் இருந்தால்தானே அழுக்குப் படியும்? ஆனாலும் துடைத்தாள். முன்பெல்லாம் இந்த நேரத்துக்கு வாசல்படி தெரியாமல் செருப்பு கிடக்கும். குழந்தைகள் ஒன்றுக்கொன்று போட்டி போட்டு அழும். மருந்துச் சீட்டு எழுதி எழுதி விரல் மரத்துப்போய், "ஒரு நாளைக்காவது இந்த ஊருக்கே உடம்பு சௌகரியமா இருக்கக் கூடாதா?" என்று அலுத்துக்கொள்வாள். எந்த நேரத்தில் சொன்னாளோ, அந்த வாய் முகூர்த்தம் பலித்தே விட்டது.

அவள் எழுதிய புத்தகம் வெளிவந்த பிறகும் விடாமல் வருகிறவர் ஒரே ஒருவர்தான். காது சுத்தமாகக் கேட்காத கிழவர். ஊரெல்லாம் அவளைத் திட்டித் தீர்த்தது அவர் காதில் மட்டும் விழவில்லை.

"என்ன டாக்டரம்மா, கூட்டத்தையே காணோம்? எல்லாரையும் குணமாக்கிட்டியா, இல்ல அனுப்பி வச்சுட்டியா?" என்று தெரு முனைவரை கேட்கிற குரலில் கேட்பார். அவளுக்குச் சிரிப்பு வரும். அவர் படியிறங்கிப் போனதும் மறுபடி துடைக்கிற துணியை எடுப்பாள்.

விளக்கையாவைப் பற்றி எழுதினால் சும்மா விடுவார்களா?

சாயங்காலமானால் கையில் சின்ன விளக்கோடு, சாகக் கிடக்கிறவர்களின் கட்டில் கட்டிலாக நின்று பிரார்த்தனை சொல்வார். அதனால் விளக்கையா. சொந்தப் பிள்ளைகளே தொடத் தயங்கிய உடம்புகளைத் தன் கையால் குளிப்பாட்டியவர். அதை அவள் மறைக்கவில்லை. புத்தகத்தின் முதல் அத்தியாயமே அதுதான். முதல் அத்தியாயத்தை யாரும் பேசவில்லை. ஏழாம் அத்தியாயத்தைப் பேசாதவர்கள் யாரும் இல்லை.

சாகக் கிடக்கிறவர்களுக்காக அவர் நடத்திய இல்லத்துக்கு வாரம் ஒருநாள் சம்பளம் வாங்காத டாக்டராகப் பல வருஷம் போய்வந்தாள். அங்கே 'கடைசி அறை' என்று ஒன்று உண்டு. பிழைக்க மாட்டார்கள் என்று தெரிந்தவர்களை அதற்குள் கொண்டுபோய்விட்டால், அதன்பிறகு பெற்ற பிள்ளையானாலும் கட்டின மனைவியானாலும் உள்ளே போக முடியாது. பாசம் உயிரைப் பிடித்து இழுக்குமாம். பற்று அறுந்தால்தான் நிம்மதியாகப் போக முடியுமாம். வலிக்குப் பலமான மருந்தும் கிடையாது. மயக்கத்தில் போகிறவனுக்குப் போகிற வழி தெரியாது என்பார் விளக்கையா. நல்ல மனசுக்காரர்கள் வாங்கி அனுப்பிய வலி மருந்துகள் பீரோவுக்குள்ளேயே கிடந்து காலாவதியாகும். அவள் கெஞ்சிப் பார்த்தாள், சண்டை போட்டாள். ஒவ்வொரு முறையும் அவர் அவள் தலையில் கைவைத்துச் சிரிப்பார். "நீ உடம்புக்கு டாக்டர் மகளே. அதோட நிறுத்திக்கோ."

நிறுத்திக்கொள்ள முடியாமல்தான் எழுதினாள்.

எழுதியதும் இல்லத்துக்காரர்கள் மருத்துவக் கவுன்சிலிடம் புகார் கொடுத்தார்கள். ஏழாம் அத்தியாயம் முழுக்கக் கட்டுக்கதை. அதில் சொல்லியிருக்கும் தையல்காரி என்று ஒரு நோயாளி எங்கள் இல்லத்தில் இருந்ததே இல்லை என்றார்கள். கவுன்சில் வெள்ளிக்கிழமை விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தது. அந்த நோயாளியின் வீட்டார் யாராவது ஒருவர் வந்து சொன்னால் போதும், இல்லையென்றால் டாக்டர் பட்டத்துக்கே ஆபத்து.

பட்டம் போனால் போகட்டும் என்று நினைக்கிற அளவுக்கு அவளுக்கு அலுப்பு வந்திருந்தது. அவளுக்கு வேண்டியது வேறு. வீட்டுக்காரர் திரும்பி வர வேண்டும்.

அவருடைய அம்மா அந்தக் கடைசி அறையில்தான் செத்துப்போனார். அப்போது இவர்கள் இரண்டு பேருக்கும் தொலைதூரத்தில் வேலை. வயிற்றில் கட்டி என்று தெரிந்ததும் மூத்தார்தான் கொண்டுபோய்ச் சேர்த்தார். இவர்கள் ஓடிவந்தபோது எல்லாம் முடிந்து, மாமியாரின் தலைமாட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விளக்கையா இவள் வீட்டுக்காரரின் தோளைத் தட்டி, "தூங்குற மாதிரிப் போனாங்கப்பா" என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் அவர் இத்தனை வருஷம் நிம்மதியாகத் தூங்கினார். அந்த நன்றிக்கடனுக்காகத்தான் இவளும் அங்கே வைத்தியம் பார்க்கப் போனாள்.

புத்தகத்தின் முதல் பிரதியை அவர் கையில்தான் கொடுத்தாள். காலையில் நாற்காலியில் சாய்ந்தவர், சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் படித்து முடித்தார். பிறகு சவர சாமான்களை மட்டும் ஒரு பையில் எடுத்துக்கொண்டு, "அண்ணன் வீட்டுல கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன்" என்றார். சண்டை போட்டிருந்தால் சமாதானம் செய்யலாம். சண்டையே போடாதவரை என்ன செய்வது? ஓரகத்திதான் போனில் பொரிந்து தள்ளினாள்: "அத்தை நல்லபடியாப் போனதையே பொய்யாக்கிட்டியே! உன் புருஷன் முகத்துல எப்படி முழிப்பே?"

அதுதான் காரணம் என்று அவளும் முடிவுகட்டிக்கொண்டாள். நான் பொய் எழுதிவிட்டதாக நினைக்கிறார். வெள்ளிக்கிழமை உண்மையென்று தீர்ந்துவிட்டால், அதே பையோடு வந்து நிற்பார்.

அதுவரை தினமும் இருட்டுகிற நேரத்தில் ஒரு போன் வரும். "பிரஷர் மாத்திரை போட்டியா?" "போட்டேன்." "சரி." கல்யாணமான புதிதில் மணிக்கணக்காகப் பேசிய மனிதர், இப்போது மாத்திரையோடு நின்றுவிட்டார்.

சிக்கல் என்னவென்றால், ஏழாம் அத்தியாயத்தில் நடந்தது அத்தனையும் நிஜம். தையல்காரிதான் நிஜமில்லை.

நோயாளியை ஊர் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது என்பது டாக்டர்களுக்கு அரிச்சுவடி. அந்தக் கட்டிலில் கிடந்தவர் ஒரு லாரி டிரைவர். புற்றுநோய் எலும்பெல்லாம் பரவியிருந்தது. வலி உச்சத்துக்குப் போகும்போது வலது கால் தானாக நீண்டு பிரேக்கை அழுத்தும். இல்லாத பிரேக்கை, மறுபடி மறுபடி. கொடுத்ததெல்லாம் தலைவலி மாத்திரை. "நான் எங்கேயோ லோடு ஏத்திட்டுப் போயிட்டே இருக்கேன்னு வீட்டுல நினைச்சிட்டு இருக்கட்டும் டாக்டர். இப்படிக் கிடந்தேன்னு அவங்க காதுக்குப் போகக் கூடாது" என்று அவளிடம் வாக்கு வாங்கியிருந்தார். அதனால் எழுதும்போது ஆணைப் பெண்ணாக்கினாள். லாரியைத் தையல் மெஷினாக்கினாள். பிரேக்கை அழுத்திய கால், மெஷின் மிதித்த காலானது. அடையாளங்கள் மாற்றப்பட்டுள்ளன என்று புத்தகத்தின் முன்பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். கவுன்சிலிடமும் அதையே சொன்னாள். அப்படியானால் நிஜமான ஆளின் வீட்டாரைக் கூட்டி வாருங்கள் என்றார்கள். வாயைக் கட்டிப்போட்டுவிட்டுப் போனவரின் வீட்டாரை எப்படிக் கூட்டிவருவது?

வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் பிற்பகல், வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

நாற்பது வயசு மதிக்கத்தக்க ஒரு பெண். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கழற்ற மறந்தே வந்திருந்தாள். கையில் புத்தகம். அடிக்கத்தான் வந்திருக்கிறாள் என்று டாக்டரம்மா நினைத்தாள். போன மாதம் ஒருத்தர் அதே புத்தகத்தைத்தான் அவள் மேஜைமேல் வீசியடித்துவிட்டுப் போனார்.

"உடம்புக்கு என்னம்மா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல." அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். "தைக்கிற கம்பெனியில வேலை பார்க்கிறேன். கூட வேலை செய்யிறவ ஒருத்தி உங்களைத் திட்டிட்டே படிச்சுக் காட்டினா. ஏழாவது பாகம். கேக்கக் கேக்க எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. டாக்டரம்மா... அது எங்கம்மாதானே?"

டாக்டரம்மா கையிலெடுத்த ஸ்டெதாஸ்கோப்பை மேஜையில் வைத்தாள்.

"எங்கம்மாவும் தையல்தான். அவங்களுக்கும் எலும்புக்குத்தான் பரவியிருந்துச்சு. படுத்த படுக்கையில கால் மட்டும் மெஷின் மிதிக்கும். 'அம்மா, யாருக்கும்மா தைக்கிறே, கூலியாவது பேசினியா?'ன்னு நான் கேலி பண்ணுவேன். என்னால வச்சுப் பார்த்துக்க முடியல. ரெண்டு சின்னப் பசங்க, அவரும் வேலையில்லாம உக்காந்திருந்தாரு. அங்க விட்டேன். விட்டப்புறம் உள்ளே விடல. ஞாயித்துக்கிழமை ஆனா கேட்டுக்கு வெளியே நிப்பேன். கடைசியில ஒரு நாள் முடிஞ்சிருச்சுன்னு சொன்னாங்க. தூங்குற மாதிரிப் போனாங்களாம்."

டாக்டரம்மா அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். இல்லை என்று சொல்லிவிடுவது அந்த நிமிஷத்தில் எத்தனை சுலபம்! வாய் வரவில்லை. தையல்காரியே இருந்ததில்லை என்று இல்லம் எழுதிக் கொடுத்திருக்கிறது. இதோ அங்கே செத்த தையல்காரியின் மகள் எதிரே உட்கார்ந்திருக்கிறாள்.

"நாளைக்கு விசாரணையாமே, பேப்பர்ல போட்டிருக்கு. நான் வந்து சொல்றேன். எங்கம்மாதான்னு சொல்றேன். கம்பெனியில வேலையை விட்டுத் தூக்கினாலும் பரவாயில்ல."

"உன் பசங்க..."

"பசங்க வளந்துட்டாங்க. பெரியவன் என்னையே அதட்டுறான்." சட்டென்று சிரித்தாள். சிரிக்கும்போதே கண் தளும்பியது. "ஒண்ணு கேக்கணும். கடைசி நேரத்துல நீங்க கையைப் பிடிச்சிட்டு இருந்தீங்கன்னு எழுதியிருக்கே. நிஜமாவா?"

"பிடிச்சிட்டு இருந்தேன்" என்றாள் டாக்டரம்மா.

அது பொய்யில்லை. லாரி டிரைவரின் கையை விடியும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள். பொய்யில்லாத ஒரு வாக்கியம் எவ்வளவு பெரிய பொய்யாக முடியும் என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தபோது தெரிந்தது. பல வருஷமாக நெற்றியில் இருந்த ஒரு முடிச்சு தளர்ந்ததுபோல் இருந்தது. ஒரே ஒரு வார்த்தைதான். ஊசி இல்லை, மருந்து இல்லை. விளக்கையாவுக்கு இது தினமும் கிடைத்த சுகம் என்று நினைத்தபோது, அவர்மேல் முதல்முறையாக லேசான பரிவுகூட வந்தது. இந்த முகத்தைப் பார்க்க யார்தான் ஆசைப்பட மாட்டார்கள்?

"எந்தக் கை?" என்றாள் அந்தப் பெண்.

"என்னது?"

"எந்தக் கையால பிடிச்சீங்க?"

டாக்டரம்மா வலது கையைத் தூக்கினாள். அந்தப் பெண் எழுந்து வந்து, அந்தக் கையை இரண்டு கையாலும் எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். ஈரம் உள்ளங்கையில் பட்டது.

எத்தனையோ மாதமாக யாரும் தொடாத கை. அதை இழுத்துக்கொள்ள அவளுக்கு மனசே வரவில்லை. வெள்ளிக்கிழமை இவள் வருவாள். சொல்வாள். அவர் பையோடு வருவார். சாப்பாட்டு மேஜையில் இரண்டு தட்டு இருக்கும். இவளும் நிம்மதியாகப் போய்விடுவாள். யாருக்கு என்ன நஷ்டம்?

இதே கேள்வியை விளக்கையா அவளிடம் எத்தனை முறை கேட்டிருக்கிறார்! 'நல்லபடியாப் போனாங்கன்னு சொன்னா யாருக்கு மகளே நஷ்டம்?'

டாக்டரம்மா கையை இழுத்துக்கொண்டாள்.

"உக்காரும்மா. அது உங்கம்மா இல்ல."

"என்ன சொல்றீங்க?"

"நான் எழுதினது வேற ஒருத்தரைப் பத்தி. அவர் ஆம்பளை. தையல்காரரும் இல்ல. யாருன்னு தெரியக் கூடாதுன்னு நான்தான் மாத்தி எழுதினேன். தையல் மெஷின் என் கற்பனை. அது உங்கம்மாவுக்குப் பொருந்திப்போகும்னு எனக்குத் தெரியாது."

அந்தப் பெண் புத்தகத்தையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"அப்ப எங்கம்மா கையை யாரு பிடிச்சிருந்தாங்க?"

"தெரியல."

"நீங்க எங்கம்மாவைப் பார்த்ததே இல்லையா?"

"நான் வாரத்துல ஒருநாள்தான் போவேன். பார்த்திருக்கலாம். எனக்கு ஞாபகம் இல்லம்மா."

அவள் எழுந்துவிட்டாள். குரல் ஏறியது. "இப்பதானே பிடிச்சிட்டு இருந்தேன்னு சொன்னீங்க? வாய் கூசாம! அந்தப் பெரிய மனுஷராவது தூங்குற மாதிரிப் போனாங்கன்னு ஒரு வார்த்தை கொடுத்தாரு. நீங்க புத்தகம் எழுதி அதைப் பிடுங்கினீங்க. சரி, அதுக்குப் பதிலா நீங்களாவது கூட இருந்தீங்களேன்னு ஓடி வந்தேன். இப்ப அதையும் பிடுங்கிட்டீங்க. நான் வெறுங்கையோட போகணும், அப்படித்தானே?"

"நான் சொன்னது தப்புதான்."

"படிச்சவங்களுக்கு எவ்வளவு சுலபமா தப்பு வருது!"

அவள் வாசல்வரை போனாள். ஒரு செருப்பை மாட்டினாள். இன்னொன்றை மாட்டாமல் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டாக்டரம்மா கூப்பிடவில்லை. கூப்பிட என்ன உரிமை?

அவளேதான் திரும்பி வந்தாள். ஒரு காலில் செருப்போடு.

"நீங்க டாக்டர்தானே? எங்கம்மா வியாதி உங்களுக்குத் தெரியுமில்ல? அந்த வலி மருந்து கொடுக்காம விட்டா எப்படி இருந்திருக்கும்? சொல்லுங்க. மறுபடி கதை விட்டீங்க, நல்லா இருக்காது."

டாக்டரம்மா சொன்னாள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. எலும்பு வலி எப்படி இருக்கும், புரண்டு படுத்தால் என்ன ஆகும், எப்போது பேச்சு நிற்கும், எப்போது நினைவு தப்பும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். கடைசி நாளில் பலருக்கு உடம்பே தானாக மரத்துப்போய்விடும் என்றும், அது எல்லாருக்கும் வாய்ப்பதில்லை என்றும் சொன்னாள். வலி மருந்து இருந்திருந்தால் உட்கார்ந்து தண்ணீர் குடித்திருப்பார்கள், நாலு வார்த்தை பேசியிருப்பார்கள் என்பதையும் மறைக்கவில்லை. அந்தப் பெண் கழுத்திலிருந்த அளவு நாடாவை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை.

"வேற யாரும் இதை எனக்குச் சொன்னதில்ல" என்றாள் கடைசியில். "கேக்க ஆளும் இல்ல."

"ம்."

"நான் நாளைக்கு வர முடியாது. வந்து என்ன சொல்ல? எங்கம்மா எப்படிப் போனாங்கன்னு எனக்குத் தெரியாதுன்னா?"

அதையே வந்து சொல்லேன் என்று டாக்டரம்மாவின் நாக்கு நுனிவரை வந்தது. அதைவிடப் பெரிய சாட்சி எது? ஆனால் இவளிடமிருந்து இன்றைக்கு எடுத்தது போதும் என்று தோன்றியது.

"பரவாயில்லம்மா. நீ போ, நேரமாகுது."

அவள் மற்றச் செருப்பையும் மாட்டிக்கொண்டு போனாள். புத்தகத்தைக் கையோடு எடுத்துப்போனாளா, வழியில் எறிந்தாளா, தெரியாது. தெருத் திருப்பம்வரை டாக்டரம்மா ஜன்னலில் நின்று பார்த்தாள்.

வெளிச்சம் மங்கியது. விளக்கைப் போடாமல், நோயாளிகளின் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். நாளைக்குச் சாட்சி இல்லை. பட்டம் போகும், பேப்பரில் வரும், ஓரகத்தி ஊருக்கெல்லாம் வாசித்துக் காட்டுவாள். அவர் அண்ணன் வீட்டிலேயே தங்கிவிடுவார். இத்தனையும் தெரிந்துதான் வாயைத் திறந்தாள் என்பதில் ஒரு நிம்மதியும் இல்லை. நல்லது செய்தால் மனசு லேசாகும் என்று யார் கிளப்பிவிட்டதோ!

போன் அடித்தது.

"பிரஷர் மாத்திரை போட்டியா?"

"இன்னும் போடல."

போடவில்லை என்ற பதில் அவருக்குப் பழக்கமில்லை. "ஏன், என்னாச்சு?"

சொன்னாள். அந்தப் பெண் வந்ததையும், தான் பொய் சொன்னதையும், பிறகு உடைத்ததையும், கடைசியில் விவரமெல்லாம் சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"பேசாம இருந்திருக்கலாமே நீ" என்றார்.

"இருந்திருக்கலாம்."

"இப்ப உன்னை யாரு நம்புவாங்க?"

இத்தனை மாதமாகக் கேட்கப் பயந்ததை அவள் கேட்டாள். "நீங்க நம்புறீங்களா?"

அண்ணன் வீட்டில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் போனில் கேட்டது. பிறகு ஒரு கதவு மூடப்பட்டு அந்தச் சத்தம் நின்றது.

"நம்பலைன்னு நான் எப்பச் சொன்னேன்?" என்றார். "ஒரு வரி விடாம நம்பினேன். அதனாலதான் அங்க இருக்க முடியல. உன் முகத்தைப் பார்த்தா கேட்டுடுவேன்னு பயம்."

"எதை?"

"அந்தப் பொண்ணு கேட்டாளே, அதை." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எங்கம்மாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்குமா?"

கடைசி அறைக்குள் முதன்முதலாகக் காலெடுத்து வைத்த அன்றே அவளுக்கு அதற்குப் பதில் தெரியும். அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஒரே மேஜையில் சாப்பிட்டு, ஒரே கட்டிலில் படுத்து, இத்தனை வருஷம் அதை நடுவில் வைத்துக்கொண்டே குடும்பம் நடத்தியிருக்கிறார்கள். யாரோ ஒரு தையல்காரியின் மகளுக்குக் கிடைத்தது, தாலி கட்டிய மனிதருக்குக் கிடைக்கவில்லை.

"ஆமாங்க" என்றாள்.

அவர் மூச்சு இழுத்து விடுவது கேட்டது. வைத்துவிடுவார் என்று நினைத்தாள். வைக்கவில்லை.

"யாரையாவது கூப்பிட்டிருப்பாளா அம்மா?"

"தெரியலைங்க. அன்னைக்கு நான் அங்க இல்ல."

"நானும் இல்லையே" என்றார் அவர்.

போனை இரண்டு பேருமே வைக்கவில்லை.